செக் இன்ஜின் விளக்கு யாருக்காக எரிகிறது?

டிஸ்கி: அடியேன் படிப்பது பி.காம். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் பழைய வண்டி வாங்கல் விற்றல் பற்றி எங்கள் பாடத்தில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. அதைத் தோண்டப் போய் இங்கே வந்து நிற்கிறேன். மெக்கானிக்கல் நண்பர்கள் பொறுத்தருள்க :)

டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு இருக்கும். அது எரிந்தால் வண்டிக்காரருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். வண்டி வேறு லேசாக உதறும், இழுவை குறையும். நம்மூர் மெக்கானிக் பாஷையில் "மிஸ்ஸிங் அடிக்குது". உடனே கருவியைச் செருகி ஒரு எண்ணைப் படிப்பார்கள். அந்த எண்ணில் எந்த சென்சார் பெயர் வருகிறதோ அதை மாற்றுவார்கள். காசு போகும், விளக்கு மறுபடி எரியும். இந்தக் கதை அமெரிக்காவிலும் நடக்கிறது, அரியலூரிலும் நடக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது? நான் படித்த வரையில் பதில் மெக்கானிக் ஷாப்பில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. அந்த விளக்கைக் கேட்டு வாங்கியது வண்டிச் சொந்தக்காரரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் புகை. எதற்காகப் பிறந்ததோ அதைத்தான் அது இன்றைக்கும் சொல்கிறது. நாம்தான் அதனிடம் வேறு ஏதோ கேட்கிறோம்.

சரி, கொசுவத்தியைச் சுற்றுவோம்.

1943 ஜூலை 26. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். லாஸ் ஏஞ்சலஸில் திடீரென்று கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், சில தெருக்கள் தள்ளி இருப்பது தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றுகூடச் சிலர் பயந்தார்களாம். பிறகு ஒரு செயற்கை ரப்பர் மூலப்பொருள் தொழிற்சாலை மேல் பழி விழுந்தது. அதை நிறுத்திப் பார்த்தார்கள். புகை நிற்கவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகென்-ஸ்மிட் என்ற டச்சுக்காரர். கால்டெக்கில் உயிர்வேதியியல் பேராசிரியர். அவர் அதற்கு முன் செய்துகொண்டிருந்த வேலை என்ன தெரியுமா? அன்னாசிப்பழத்துக்கு அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்ற ஆராய்ச்சி! பழத்தின் ஆவியைக் குளிரவைத்துப் பிரித்துப் பார்த்த அதே முறையை ஊர்க்காற்றின் மேல் பிரயோகித்தார். வண்டிகளிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளியேறும் எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து வெயிலில் வினைபுரிந்து ஓசோனும் மற்ற எரிச்சல் வஸ்துகளும் ஆகிறது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். 1968-ல் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் செயல்படத் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவர்தான்.

அதன்பின் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. இது மிச்சப் புகையைச் சுத்தம் செய்யும் பீங்கான் தேன்கூடு. 1976-ல் வோல்வோ வண்டியில் பாஷ் கம்பெனியின் ஆக்சிஜன் சென்சார் வந்தது. 1981-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் கார்களில் கம்ப்யூட்டரை வைத்தது, கூடவே "செக் இன்ஜின்" விளக்கையும்.

இங்கேதான் வாரியத்துக்கு ஒரு தலைவலி. தொழிற்சாலையை விட்டு வரும்போது வண்டி சுத்தம். ஐந்து வருஷம் கழித்து ஒரு சென்சார் செத்துப்போனால்? வண்டி ஓடும், டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. புகை மட்டும் பல மடங்கு கூடும். ஆக, வண்டியே தன் மேல் புகார் கொடுக்க வேண்டும்! 1985-ல் வாரியம் அப்படி ஒரு விதியைப் போட்டது. 1988 மாடல்களிலிருந்து அமல். இதைத்தான் பிற்பாடு ஓபிடி-1 என்றார்கள். 1989-ல் இன்னும் கடுமையான ஓபிடி-2 விதி வந்தது. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் சிறிய டிரக்குகளுக்கும் அது கட்டாயமானது. (நம் நாட்டில் பிஎஸ்-4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன.)

இந்த மூன்று காலத்தையும் ஒரே வண்டியில் பார்க்க முடியும் என்றால் அது ஜீப் செரோக்கி. எக்ஸ்ஜே என்பார்கள். பெட்டி மாதிரி நேர்க்கோட்டு உடம்பு, 1984 மாடலிலிருந்து 2001 வரை அமெரிக்காவில் பெரிய மாற்றமில்லாமல் வந்தது. 1987 மாடலில் அதற்கு 4 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்ட இன்ஜின் கிடைத்தது. உடம்பும் இன்ஜினும் கிட்டத்தட்ட அதே. மூளை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. இப்போதும் அங்கே நிறைய ஓடுகின்றன, நிறைய பேர் சொந்தக் கையால் ரிப்பேர் பார்க்கிறார்கள்.

முதல் மூளை ரெனிக்ஸ், 1987 முதல் 1990 வரை. ரெனோவும் பெண்டிக்ஸும் சேர்ந்து செய்ததால் அந்தப் பெயர். ஜீப்பைத் தயாரித்த அமெரிக்கன் மோட்டார்ஸில் அப்போது பிரெஞ்சு ரெனோவுக்குப் பங்கு இருந்தது, 1987-ல் கிரைஸ்லர் வாங்கிக்கொண்டது. இந்த ரெனிக்ஸ் ஒரு விசித்திரப் பிறவி. தகுந்த கருவியை மாட்டினால் அந்த நொடியில் ஒவ்வொரு சென்சாரும் என்ன சொல்கிறது என்று காட்டும். ஆனால் எந்தத் தப்பையும் நினைவில் வைத்துக்கொள்ளாது, செக் இன்ஜின் விளக்கும் கிடையாது.

அந்த வண்டியின் பிரபலமான வியாதி கிராங்க் சென்சார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், கை நுழையாத மூலையில், புகைக்குழாய்ச் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கிராங்க் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதன் வேலை. அந்தத் தகவல் இல்லாவிட்டால் பொறியும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. வண்டி நன்றாகச் சூடானதும் ஹைவேயில் படக்கென்று அணைந்துவிடும். அரைமணி ஓரம் கட்டி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோய் ஆறிய நிலையில் அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் போய்விடுகிற பிள்ளை மாதிரி. அனுபவஸ்தர்கள் பார்த்தது ஆர்பிஎம் முள்ளை. வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தால் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல்.

1991-ல் கிரைஸ்லரின் சொந்த மூளை வந்தது. இதற்குக் கருவியே வேண்டாம். சாவியை ஆன்-ஆஃப்-ஆன்-ஆஃப்-ஆன் என்று ஐந்து நொடிக்குள் திருப்பினால் விளக்கு மினுக்கிப் பேசும். இரண்டு மினுக்கல், கொஞ்சம் இடைவெளி, நான்கு மினுக்கல் என்றால் 24, அதாவது திராட்டில் சென்சார் பக்கம் பார். 12 என்றால் சமீபத்தில் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். 55 என்றால் "அவ்வளவுதான், வேறொன்றுமில்லை". கையில் பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு விளக்கை எண்ணும் அந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த மூளைக்கும் மிஸ்ஸிங் தெரியாது. ஒயர் அறுந்தால் தெரியும், சென்சார் சொல்லும் அளவு எல்லை தாண்டினால் தெரியும். சிலிண்டர் ஒன்று எரியாமல் போனால் தெரியாது.

அதுவரை மிஸ்ஸிங்கைக் கண்டுபிடித்தது மனுஷக் காதும் கையும்தான். இன்ஜினை ஓடவிட்டு ஸ்பார்க் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். கழற்றியதும் இன்ஜின் இன்னும் திணறினால் அந்த சிலிண்டர் நல்லது. கழற்றியும் சத்தம் மாறவில்லை என்றால் அதுதான் செத்த சிலிண்டர். பெரிய ஷாப்புகளில் சிகாகோவின் சன் எலெக்ட்ரிக் கம்பெனி செய்த பீரோ சைஸ் இன்ஜின் அனலைசர் இருக்கும். திரையில் ஆறு பொறிகளும் ஆறு முள்ளாக நிற்கும், எது குட்டையோ எது நெட்டையோ அங்கே கோளாறு.

1996-ல்தான் வண்டி தானே மிஸ்ஸிங்கைக் கணக்கெடுக்க ஆரம்பித்தது. எப்படி? புதிதாக எதையும் பெரிதாக மாட்டவில்லை. அதே கிராங்க் சென்சார்தான்! ஆறு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் 120 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் எரிந்து அதை ஒரு தள்ளு தள்ள வேண்டும். ஒன்று எரியாவிட்டால் அந்த 120 டிகிரியைக் கடக்க இம்மி நேரம் அதிகம் ஆகும். 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 150 தள்ளல். அதில் எது சோம்பேறி என்று கம்ப்யூட்டர் எண்ணுகிறது. யோசித்தால் இதுவும் பழைய மெக்கானிக்கின் காதுதான், மணிக்கணக்காகக் கேட்டாலும் அலுக்காத காது.

அந்தக் காதுக்கும் ஏமாற்றம் உண்டு. குண்டும் குழியுமான பாதையில் சக்கரத்தின் குலுக்கல் ஆக்சில், கியர்பாக்ஸ் வழியாக கிராங்க் வரைக்கும் போகும். காட்டுப்பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டிக்கு இது கொஞ்சம் வேடிக்கையான பிரச்சினை இல்லையா?

இப்போது கவனியுங்கள். மிஸ்ஸிங்குக்கு விதியில் இரண்டு அளவுகோல் வைத்தார்கள். ஒன்று, 1000 கிராங்க் சுற்றில் எத்தனை தடவை எரியவில்லை என்று எண்ணுவது. புகை, சட்டம் அனுமதித்த அளவில் ஒன்றரை மடங்கைத் தாண்டும் அளவுக்கு இருந்தால் விளக்கு எரியும். இன்னொன்று 200 சுற்று, அதாவது 3000 ஆர்பிஎம்மில் வெறும் 4 நொடி. அதற்குள் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அந்தப் பீங்கானை உருக்கிவிடும் நிலை வந்தால் விளக்கு எரிவதோடு நிற்காமல் மினுக்கும். இரண்டிலும் இன்ஜினின் சுகம் பற்றிப் பேச்சே இல்லை! ஒன்று ஊர்க்காற்று, மற்றது அந்தக் காற்றைக் காக்கும் கன்வெர்ட்டர். மினுக்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு என்று சொல்வது இதனால்தான்.

இதைப் புரிந்துகொண்டால் சென்சார் மாற்றும் கூத்தும் புரியும். ஒரு சிலிண்டரில் பொறி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போன பெட்ரோலும் காற்றும் எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்கு வரும். ஆக்சிஜன் சென்சாருக்குப் பெட்ரோல் கண்ணில் படாது, ஆக்சிஜன் மட்டுமே தெரியும். "இங்கே ஆக்சிஜன் நிறைய இருக்கு, பெட்ரோல் பத்தல" என்று உண்மையாகவே நம்பிச் சொல்லும். கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோலைக் கொட்டும். கடைசியில் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்று எண் விழும். உண்மையில் பெட்ரோல் வீணாக வழிந்துகொண்டிருக்கும். கருவியைப் படித்தவர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவார். பாவம், அது பார்த்ததைச் சொன்ன சாட்சி. சாட்சியைத் தூக்கில் போட்டுவிட்டுக் குற்றவாளியை வண்டிக்குள்ளேயே வைத்து ஓட்டுகிறோம்.

எண்ணை ஒழுங்காகப் படித்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கும் இதே ஜீப் உதாரணம். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0306 என்றால் ஆறாவது, பி0300 என்றால் அங்குமிங்கும். செரோக்கியில் 1999 வரை ஒரே காயில், டிஸ்ட்ரிபியூட்டர், ஒயர்கள். ஒரே ஒரு சிலிண்டர் போனால் ஒயரையோ பிளக்கையோ பார்க்கலாம், எல்லாம் சேர்ந்து தடுமாறினால் காயில், மூடி, ரோட்டார் என்று போகலாம். 2000 மாடலில் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, மூன்று காயில் கொண்ட ஒரு நீளப் பட்டையைப் பிளக்குகளின் தலைமேல் வைத்தார்கள். ஒரு காயிலுக்கு இரண்டு சிலிண்டர்: 1-6, 2-5, 3-4. ஆக பி0301-ம் பி0306-ம் ஜோடியாக வந்தால் சந்தேகம் அந்த ஜோடியின் காயில் மேல். இது எந்த எண்ணிலும் எழுதியிருக்காது. வண்டியின் அமைப்பு தெரிந்தவருக்கு மட்டும் தெரியும்.

இன்னொன்று, பி0303 மட்டும். அதுவும் வெயில் காலத்தில், பெட்ரோல் போட ஐந்து பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும்போது மட்டும். இந்த இன்ஜினில் காற்று போகும் குழாயும் புகை வரும் குழாயும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. நின்ற வண்டியில் கீழிருந்து ஏறும் சூடு மூன்றாவது இன்ஜெக்டரைப் பதம் பார்த்துவிடும். கிரைஸ்லரே இதற்கு டீலர்களுக்குச் சுற்றறிக்கை விட்டு, இன்ஜெக்டருக்கு வெப்பம் தடுக்கும் உறை மாட்டச் சொன்னது. பிளக், காயில், இன்ஜெக்டர் என்று மாற்றி மாற்றி ஓய்ந்தவர்களின் பணத்தை நினைத்தால் எனக்கே வலிக்கிறது. "எப்போது வருகிறது?" என்ற ஒரு கேள்வி போதும்.

எண்ணே விழாத வியாதியும் உண்டு. 2000, 2001 செரோக்கிகளில் 0331 என்று அச்சு எண் கொண்ட சிலிண்டர் ஹெட் நடுவில், 3-க்கும் 4-க்கும் இடையே விரிசல் விடுவதில் பேர்போனது. கூலன்ட் தண்ணீர் மெதுவாக ஆயிலில் கலக்கும். புகை கெடாத வரையில் கம்ப்யூட்டருக்கு அது செய்தியே இல்லை. ஆயில் மூடியைத் திருகிப் பார்த்தால் பால் கலந்த காபி நிறத்தில் வழவழப்பு தெரியும். இன்ஜினே சாகக் கிடக்கும், விளக்கு அமைதியாக இருக்கும்.

இப்போது என் ஏரியா :)

ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் எழுதிய கட்டுரையைக் காமர்ஸ், எகனாமிக்ஸ் படிக்கும் எல்லோரும் எங்காவது சந்தித்திருப்போம். பழைய கார் விற்பவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் சந்தேக விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான், சந்தையில் ஓட்டைகளே மிஞ்சும். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் செரோக்கி உற்பத்தி நின்றதும் அதே 2001. (தற்செயல்தான், ஆனால் விட மனசில்லை.)

ஓபிடி இந்த இருட்டில் தெரியாத்தனமாக ஒரு ஜன்னலைத் திறந்தது. 1990 நவம்பர் 15 அன்று அதிபர் புஷ் (அப்பா புஷ்) கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டத் திருத்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. புகை சம்பந்தமான கண்டறியும் தகவலைப் படிக்க ரகசியக் குறியீடோ, கம்பெனியிடம் மட்டும் கிடைக்கும் கருவியோ தேவைப்படக் கூடாது. ரிப்பேர் செய்யும் எவருக்கும் தேவையான விவரத்தைக் கம்பெனி கொடுக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பிளக், ஒரு பாஷை. அதன்பின் டேஷ்போர்டுக்குக் கீழே எல்லா வண்டிக்கும் ஒரே 16 முள் சாக்கெட். தெருமுனை மெக்கானிக் பிழைத்தார். கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் 2005-ல் ஈஎல்எம்327 என்ற சிப்பை விட்டது, அதன் முதல் பதிப்பில் நகலெடுக்க முடியாத பூட்டைப் போடாமல் விட்டது. நகல்கள் உலகமெங்கும் மலிந்தன. அசல் கம்பெனி 2022-ல் கடையை மூடியது, நகல்கள் இன்னும் சக்கைப்போடு போடுகின்றன. பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டிய கேஸ்.

விற்பவன் சும்மா இருப்பானா? அதே கருவியால் எண்ணை அழித்து, விளக்கை அணைத்துவிட்டு வண்டியைக் காட்டுவான். இதையும் புகை விதி எழுதியவர்கள் யோசித்திருந்தார்கள், வாங்குபவனுக்காக இல்லை, புகைப் பரிசோதனையில் ஏமாற்றுபவனுக்காக. எண்ணை அழித்தால் கம்ப்யூட்டரின் சுயபரிசோதனைப் பட்டியலும் சேர்ந்து அழியும். கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் என்று ஒவ்வொன்றும் "இன்னும் முடியவில்லை" என்று காட்டும். பலவிதமாக ஓட்டினால்தான் அவை ஒவ்வொன்றாக முடியும். ஆகவே 1996-க்குப் பிந்தைய பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். இந்தப் பட்டியலைப் பாருங்கள். எண் ஒன்றுமில்லை, ஆனால் பாதிப் பட்டியல் முடியவில்லை என்றால், சமீபத்தில் யாரோ அழித்திருக்கலாம், பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். ஏன் என்று கேளுங்கள்.

ஜன்னலின் அளவு மட்டும் சட்டத்தின் அளவுதான். புகையோடு சம்பந்தப்பட்டது திறந்திருக்கிறது. அதே செரோக்கியில் ஏபிஎஸ் பிரேக் விளக்கோ ஏர்பேக் விளக்கோ எரிந்தால் மலிவுக் கருவி முழிக்கும், அவை கம்பெனியின் பாஷையிலேயே இருந்துவிட்டன. மிச்சத்தையும் திறக்கச் சொல்லி மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012-ல் வாக்களித்தார்கள். வண்டிகள் கம்பியில்லாமல் நேராகக் கம்பெனிக்குத் தகவல் அனுப்ப ஆரம்பித்ததும் 2020-ல் மறுபடி வாக்களித்தார்கள். அந்த மாதமே கார் கம்பெனிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போனது.